கேம்ப்கிரவுண்ட் வாடகையும் ஓர் இரவின் உண்மை விலையும்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்கிலுள்ள அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் ஒரு சைட்டுக்கு, அதாவது கூடாரம் போடும் ஒரு மனைக்கு, ஓர் இரவு வாடகை 36 டாலர். அந்தத் தொகைக்குக் கார் நிறுத்த ஒரு தார்த் துண்டு, டென்ட் அடிக்கச் சமன்செய்த மண், ஒரு மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், கரடியிடமிருந்து உணவைக் காக்க ஓர் இரும்புப் பெட்டி ஆகியவை கிடைக்கும். சற்றுத் தள்ளிப் பொதுக் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் இருக்கும். குளியலறை, மின்சாரம், விறகு எதுவும் வாடகையில் சேராது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காரில் சுற்றக் கிளம்பும் நம்மவர்கள் பலர் "பத்து இரவு, முந்நூற்றைம்பது டாலர்" என்று தங்கும் செலவை ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஊர் திரும்பிக் கிரெடிட் கார்டு பில்லைப் பார்க்கும்போதுதான், அந்த வரியில் எழுதாமல் விட்டவை எழுதியதைவிடப் பெரிய தொகை என்பது தெரிகிறது.

வாடகை ஏன் ஆளுக்கு இல்லாமல் மனைக்கு விதிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் குடும்பச் செலவுக் கணக்கு அதில்தான் நிற்கிறது. 1920களில் கார் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்தபோது, மக்கள் மரத்தடி வரை வண்டியை ஓட்டிச் சென்று கண்ட இடத்தில் கூடாரம் போட்டார்கள். சக்கரமும் காலடியும் மண்ணை இறுக்கியதில் கலிஃபோர்னியாவின் ராட்சத மரங்களுடைய வேர்கள் பாதிக்கப்பட்டன. அதை ஆராய்ந்த தாவர நோயியலாளர் இ.பி. மைனக்கி, 1930களின் தொடக்கத்தில் ஒரு வடிவத்தை முன்வைத்தார். ஒருவழிச் சுற்றுப்பாதை ஒன்று, அதிலிருந்து பிரியும் சிறு கார் நிறுத்தங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் நிலையாகப் பதித்த மேசையும் அடுப்பும், வண்டி அதற்கு மேல் நகராமலிருக்கப் பாறைகள் அல்லது மரக்கட்டைகள் என்பதே அந்த வடிவம். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அரசு வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் நாடெங்கும் அதைக் கட்டினார்கள். இன்றும் ஒரு கார், ஒரு மேசை, ஒரு தீவளையம் என்பதே விற்பனை அலகு. யோசெமிட்டியில் ஒரு சைட்டில் ஆறு பேர் வரை தங்கலாம். தனியாக வருபவருக்கும் 36 டாலர், ஆறு பேருக்கும் அதே 36 டாலர். மலையேறிகள் கூடும் கேம்ப் 4 மட்டும் ஆளுக்கு 10 டாலர் என்று வாங்குகிறது. தனியாள் அங்கே போவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

அடுத்து, மனையின் உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. தேசியப் பூங்காச் சேவை, வேளாண் துறையின் கீழ் இயங்கும் வனச் சேவை, ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கரைப் பராமரிக்கும் பி.எல்.எம் எனப்படும் நில மேலாண்மைப் பணியகம் ஆகிய மூன்றும் கூட்டரசின் கையில் இருப்பவை. இவை வசூலிக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி வசூலான இடத்திலேயே செலவிடப்பட வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஓட்டல் அறை வாடகை சனிக்கிழமையானால் ஏறுவதைப் போல இவற்றின் வாடகை பொதுவாக ஏறுவதில்லை. செவ்வாய்க்கிழமை 36 டாலர் என்றால் நீண்ட வார இறுதியிலும் 36 டாலர்தான். விலை ஏற வழியில்லாத இடத்தில் தட்டுப்பாடு வரிசையாக வெளிப்படுகிறது. பணம் இருப்பவருக்கல்ல, காலை ஏழு மணிக்குக் கணினிமுன் உட்கார்ந்தவருக்கே இடம். இதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

பூங்காவுக்குள் இருக்கும் எல்லா கேம்ப்கிரவுண்டும் அரசே நடத்துவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யெல்லோஸ்டோனில் மேடிசன், கேன்யன், கிராண்ட் உள்ளிட்ட சிலவற்றை ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது; வாடகையும் சலுகை விதிகளும் அதற்கேற்ப வேறுபடும். மாநிலப் பூங்காக்களின் கணக்கு வேறு. டெக்சாஸில் சைட் வாடகைக்கு மேல் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஆள் அன்றாட நுழைவுக் கட்டணம் உண்டு, ஆண்டுச் சீட்டு வைத்திருந்தால் அது விலகும். ஃபுளோரிடாவில் 2024 முதல் அம்மாநிலத்தவர் 11 மாதம் முன்பும் மற்றவர்கள் 10 மாதம் முன்பும் பதிவு செய்யலாம். அந்த ஒரு மாத இடைவெளியில் நல்ல கடற்கரை சைட்டுகள் போய்விடும். மாநில எல்லையைத் தாண்டும் பயணத்தில், வெளிமாநிலத்தவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்பதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியே பார்த்துக்கொள்வது நல்லது.

தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் பெரிய பெயரான கே.ஓ.ஏ, 1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் தொடங்கியது. சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இரவுக்கு 1.75 டாலர் வாங்கிக்கொண்டு வெந்நீர்க் குளியலும் ஒரு சிறு கடையும் வழங்கினார்கள். இன்று அந்த வெந்நீருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் சேர்த்துத் தனியார் இடங்களில் டென்ட் சைட்டுக்கே 50, 60 டாலர் ஆகலாம், வார இறுதியில் இன்னும் கூடும். இதைப் பகட்டு என்று ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து. நான்கைந்து இரவுக்கு ஒருமுறை அப்படி ஓர் இரவைத் திட்டத்தில் சேர்த்தால், குளியலும் துவைப்பும் மின்னேற்றமும் ஒரே கட்டணத்தில் முடிந்துவிடுகின்றன.

இனி ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சான் ஹொசேயிலிருந்து செப்டம்பர் பின்பகுதியில் கிளம்பும் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஒரு கார், ஒரு டென்ட், பத்து இரவுகள். யோசெமிட்டியில் இரண்டு இரவு, டையோகா கணவாயைக் கடந்து கிழக்குச் சியராவில் வனச் சேவை கேம்ப்கிரவுண்டில் ஓர் இரவு, லோன் பைன் அருகே அலபாமா ஹில்ஸில் ஓர் இரவு, ஸயனில் இரண்டு, பிரைஸ் கேன்யனில் ஒன்று, கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் இரண்டு, திரும்பும் வழியில் தனியார் இடத்தில் ஒன்று. யோசெமிட்டிக்கு 72 டாலர். வனச் சேவை சைட்டுக்கு 30 டாலரும் முன்பதிவுக் கட்டணமாக 8 டாலரும். அலபாமா ஹில்ஸ் பி.எல்.எம் நிலம், இலவச அனுமதிச் சீட்டு ஒன்று எடுத்தால் போதும், வாடகை இல்லை, அதேபோல் தண்ணீரும் இல்லை. ஸயன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் ஐந்து இரவுகளுக்கு 35 டாலர் வீதம் திட்டமிட்டால் 175. தனியார் இடத்துக்கு 60. மொத்தம் 345 டாலர். ஒரு வரியில் எழுதி முடித்துவிடும் தொகை இதுதான்.

இதற்கு வெளியே முதலில் நிற்பது நுழைவுச் சீட்டு. கேம்ப்கிரவுண்ட் வாடகை கொடுத்தவர் பூங்கா வாசலில் தனியாகவும் கட்ட வேண்டும். இந்த நான்கு பூங்காக்களிலும் ஒரு வண்டிக்கு ஏழு நாளுக்கு 35 டாலர் என்பதால் மொத்தம் 140 ஆகிறது. 80 டாலர் ஆண்டுச் சீட்டு எடுத்தால் அங்கேயே 60 டாலர் மிச்சம். 2026 ஜனவரி 1 முதல் இதில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 80 டாலர் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். ஆண்டுச் சீட்டு இல்லாத வெளிநாட்டவர், கூட்டம் அதிகம் வரும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். மேலே சொன்ன நான்கு பூங்காக்களுமே அந்தப் பதினொன்றில் அடக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ விசிட்டர் விசாவில் வந்திருக்கும் நேரத்தில்தான் நாம் பெரும்பாலும் இந்தப் பயணங்களைப் போடுகிறோம். ஆகவே அவர்கள் வண்டியில் இருந்தால் விதி எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பதிவுக்கு முன்பே பூங்காவின் அறிவிப்பில் படித்துக்கொள்வது, வாசலில் பின்னால் கார்கள் வரிசையில் நிற்க விவாதிப்பதைவிட மேல்.

முன்பதிவு நாட்காட்டிக்கும் ஒரு விலை இருக்கிறது. யோசெமிட்டியில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 14 வரையான இரவுகள் ஏப்ரல் 15ஆம் தேதி காலை பசிபிக் நேரம் ஏழு மணிக்குத் திறக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கிராண்ட் கேன்யனின் மேதர் கேம்ப்கிரவுண்ட், ஸயனின் வாட்ச்மேன் ஆகியவை ஆறு மாதத்துக்கு முன், நாளுக்கு நாள் என்ற முறையில் திறப்பவை. செப்டம்பர் 24க்கான ஸயன் சைட் மார்ச் 24இலேயே கிடைக்கும், 27க்கான கிராண்ட் கேன்யன் மார்ச் 27இல். ஆக, பயணத்தின் முதல் நிறுத்தமான யோசெமிட்டி கிடைக்குமா என்று தெரிவதற்கு மூன்று வாரம் முன்பே அதன் பிற்பகுதிக்கு முழுப் பணத்தையும் கட்டியிருப்போம். ஏப்ரல் 15 காலை தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு பதிவையும் மாற்ற, கூட்டரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ் 10 டாலர் எடுத்துக்கொள்ளும். ரத்து செய்தாலும் 10 டாலர். வரவேண்டிய நாளுக்கு முந்தைய நாளோ அன்றோ ரத்து செய்தால் அதோடு முதல் இரவு வாடகையும் போகும். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவும். எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் தேதிகள் திறக்கும் வரிசையே இந்தச் செலவை உண்டாக்குவதால், 30 டாலரை இதற்கென்று முன்கூட்டியே எழுதிவிடுவதுதான் நேர்மையான கணக்கு. இரண்டு மூன்று தேதிகளில் பதிவு செய்து வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் ஒன்றை மட்டும் பயன்படுத்தும் பழக்கமும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் உண்டு. அது 20 டாலரில் கிடைக்கும் வசதி என்று தோன்றினாலும், "நிறைந்துவிட்டது" என்று காட்டும் கேம்ப்கிரவுண்டில் காலி மனைகள் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூங்காவுக்குள் கிடைக்கவில்லை என்றால் வெளியே மலிவாகத் தங்கலாம் என்ற யோசனை இயல்பாக வரும். நாற்பது மைல் தள்ளி 15 டாலருக்கு ஒரு சைட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யோசெமிட்டி வாடகையோடு ஒப்பிட்டால் இரவுக்கு 21 டாலர் மிச்சம். தினமும் போக வர எண்பது மைல். காலனுக்கு 25 மைல் கொடுக்கும் காரில் மூன்றேகால் காலன் பெட்ரோல் ஆகும். மலையூர்ப் பம்புகளில் காலன் 5 டாலர் என்றால் 16 டாலர் அதிலேயே போய்விடும். மிஞ்சிய ஐந்து டாலருக்காக மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும் வாகன நிறுத்தத்தில் இடமும் கிடைக்காது. காலனுக்கு ஒன்பது மைல் மட்டும் போகும் ஆர்வி, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி என்றால் அந்த எண்பது மைலுக்கு 45 டாலர் ஆகி, மலிவு சைட் நஷ்டமாகிவிடும். இலவச இடங்களுக்கும் இதே அளவுகோல்தான். வனச் சேவை, பி.எல்.எம் நிலங்களில் பொதுவாக 14 நாள் வரை இலவசமாகத் தங்க அனுமதி உண்டு என்றாலும், நாம் போகும் வழியிலேயே அவை இருந்தால் மட்டும் அது லாபம். அலபாமா ஹில்ஸை இந்தத் திட்டத்தில் சேர்த்ததற்குக் காரணம் அது 395ஆம் நெடுஞ்சாலையிலிருந்து சில மைல் தொலைவிலேயே இருப்பதுதான். காலையில் விட்னி சிகரத்தின் மேல் வெயில் விழுவதைப் பார்ப்பது உபரி.

சில்லறைச் செலவுகளைச் சில்லறை என்று விடக் கூடாது. விறகை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போவது தவறு. மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்து புதிய காடுகளைத் தாக்குகின்றன, பல இடங்களில் அதற்குத் தடையும் உண்டு. எனவே அங்கங்கே கட்டு 9 டாலர் வீதம் ஏழு மாலைகளுக்கு 63 டாலர். ஐஸ் பெட்டிக்குப் பத்து நாள் ஐஸ் 40 டாலர். அடுப்புக்கு புரோபேன் குப்பிகள் 16 டாலர். குளியலும் துவைப்பும் 40 டாலர். கடைசியாகச் சொன்னதை ஏன் தனியே எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: சில வருடங்களுக்கு முன் ஒரு கேம்ப்கிரவுண்டில், குவார்ட்டர் எனப்படும் கால் டாலர் நாணயம் மட்டும் ஏற்கும் குளியல் இயந்திரத்துக்கு முன் என்னிடம் இரண்டு இருபது டாலர் நோட்டுகள் இருந்தன, நாணயம் ஐந்துதான். பெரியவளுக்குச் சோப்புப் போட்டு முடித்த நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. கடை எட்டு மணிக்கே மூடியிருந்தது. குடிநீர்க் குழாயிலிருந்து ரசப் பாத்திரத்தில் ஐஸ்போன்ற தண்ணீரைப் பிடித்து வந்துதான் மீதியை முடித்தோம். அதற்குப் பிறகு குவார்ட்டர் சுருள் ஒன்று, அதாவது பத்து டாலர், காரின் கையுறைப் பெட்டியில் நிரந்தரமாக இருக்கிறது.

சமையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூங்காக் கடைகளில் பாலும் ரொட்டியும் ஊர் விலையில் கிடைக்காது என்பதால், புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தொக்கும் வீட்டிலிருந்தே வருவது உணவுச் செலவைப் பாதியாக்கும். பிரைஸ் கேன்யன் கேம்ப்கிரவுண்டுகள் 8,000 அடி உயரத்தில் இருப்பவை; அங்கே தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க முயன்றால் ஒரு குப்பி கேஸ் தீர்ந்தும் பருப்பு விதைவிதையாகவே நிற்கும். சின்னக் குக்கர் ஒன்றை எடுத்துப் போவதற்குக் கிண்டல் செய்பவர்களுக்கு இதுவே பதில். ஐஸ் பெட்டி வாங்குமுன் அதன் உயரத்தையும் அளக்க வேண்டும். யோசெமிட்டியின் கரடிப் பெட்டி 45 அங்குல அகலமும் 33 அங்குல ஆழமும் 18 அங்குல உயரமும் கொண்டது. அதைவிட உயரமான பெட்டி உள்ளே போகாது, காரில் வைத்துவிட்டுத் தூங்கவும் அனுமதி இல்லை.

பெரிய தொகை ஒன்று பாக்கி இருக்கிறது. அது, டென்ட்டில் தங்க முடியாமல் போகும் ஓர் இரவு. செப்டம்பர் இறுதியில் பிரைஸில் இரவுக் குளிர் உறைநிலைக்குப் போவது சாதாரணம். குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், காற்று கூடாரத்தைக் கிழிக்கலாம், காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கை மூடலாம். 2021 ஆகஸ்ட் இறுதியில் கலிஃபோர்னியாவின் பெரும்பாலான தேசிய வனங்களைத் தீ அபாயம் காரணமாக வனச் சேவை ஏறத்தாழ இரண்டு வாரம் மூடியது. அப்படி மூடும்போது வாடகை திரும்பிவரும். அன்றிரவு பிடிக்க நேரும் மோட்டல் அறைக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். அந்தக் கடைசி நேர அறைக்கு 180 டாலரை ஒதுக்கி வைப்பது என் வழக்கம். இது வீண் என்று நினைப்பவர்கள், அது இல்லாத காரணத்தால் நடுங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு "காலை வரை சமாளிப்போம்" என்று முடிவெடுத்த பெற்றோரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆக, வாடகை 345; நுழைவுச் சீட்டு 80; தேதி மாற்றம் 30; விறகு, ஐஸ், கேஸ், குளியல் எல்லாம் 159; அவசர அறை 180. மொத்தம் 794 டாலர். வாடகையாக எழுதியது இதில் பாதிக்கும் குறைவு. சுமார் 2,000 மைல் பெட்ரோல் தனி. அதே பத்து இரவுக்கு மோட்டல் அறை 150 டாலர் வீதம் என்றாலும் 1,500 ஆகும் என்பதால் கேம்பிங் இன்னும் மலிவுதான், ஆனால் முதல் வரி காட்டிய அளவுக்கு இல்லை. முதல்முறை போகிறவர்கள் டென்ட், நான்கு ஸ்லீப்பிங் பேக், மெத்தை, அடுப்பு என்று 500 டாலருக்கு வாங்கினால் இந்த ஒரு பயணத்திலேயே இரவுக்கு 50 டாலர் ஏறிவிடும். நம் அபார்ட்மென்ட் வளாகங்களில் ஒரே ஆறு பேர் டென்ட் வீடு வீடாகச் சுற்றி வருவதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. வாடகைக்கு ஆர்வி எடுப்பது வேறு வகைச் செலவு. நாள் வாடகை, மைலுக்கு மைல் கட்டணம், மின்சாரமும் கழிவுநீர் இணைப்பும் உள்ள சைட் என்று கூட்டினால் அது மோட்டலோடு போட்டியிடும், கேம்பிங்கோடு அல்ல.

இரண்டு மூன்று குடும்பங்களாகப் போகும்போது பாகப் பிரிவினையில் சிக்கல் வருகிறது. பன்னிரண்டு பேருக்குத் தலைக்கணக்கில் இரண்டு சைட் போதும். ஒரு சைட்டுக்கு இரண்டு வண்டிதான் என்பதால் மூன்று காரும் இரண்டு சைட்டில் அடங்கிவிடும். செலவைக் குடும்பத்துக்குச் சமமாகப் பிரித்தால் குழந்தை இல்லாத தம்பதிக்கு உறுத்தும், தலைக்குப் பிரித்தால் மூன்று குழந்தைக்காரருக்கு உறுத்தும். வாடகையைக் குடும்பத்துக்கும், விறகையும் சாப்பாட்டையும் தலைக்கும் பிரிப்பது எங்கள் குழுவில் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு.

இவ்வளவையும் ஒரே அடியில் குறைக்கும் வழி ஒன்று சில வீடுகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. 62 வயது நிறைந்த, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பெற்றோர், 80 டாலருக்கு வாழ்நாள் சீட்டு எடுக்கலாம். அது வண்டியில் உடன் வருபவர்களுக்கும் நுழைவைத் தருவதோடு, கூட்டரசு நடத்தும் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் சைட் வாடகையையும் பாதியாக்குகிறது. யோசெமிட்டியின் 36 டாலர் 18 ஆகும்; மேற்சொன்ன நான்கு பூங்காக்களின் ஏழு இரவுகளில் மட்டும் 120 டாலருக்கு மேல் குறையும், அதாவது சீட்டின் விலை முதல் பயணத்திலேயே திரும்பிவிடும். நிபந்தனை ஒன்றுதான்: சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் அந்த சைட்டில் தங்க வேண்டும். பூங்காக் காவலரான ரேஞ்சர் அடையாள அட்டை கேட்கும் நேரத்தில் அப்பா டென்ட்டுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கலாம். சீட்டை மட்டும் நம்மிடம் கொடுத்துவிட்டு ஃபிரீமான்ட் வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.